நாமா, நாங்களா?

ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லாக நிற்கும் தன்மைப் பன்மை தமிழில் இரண்டாகப் பிரிகிறது. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’; அவரை விலக்கிப் பேசினால் ‘நாங்கள்’. முன்னதற்கு உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று பெயர் சொல்லிப் பள்ளியில் தமிழாசிரியர் நடத்தியது வாசகர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். இலக்கணப் பெயரை மறந்தவர்கூட வழக்கில் பிசகுவதில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் ‘நாம் சாப்பிடலாம்’ என்றால் அவர் கை கழுவ எழுவார். ‘நாங்கள் சாப்பிடப் போகிறோம்’ என்றால் செருப்பைத் தேடுவார். இத்தனை சிறிய வேறுபாட்டுக்குள் ஒரு நாட்டின் வரலாறே அடங்கியிருக்கக்கூடும் என்பதை, அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் மூன்று சொற்களைத் தமிழில் பெயர்க்க முற்பட்டபோது நாங்கள் உணர்ந்தோம்.

அந்த வேலை எங்களுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கும் நண்பர்கள் நால்வர். பிள்ளைகளோடு வந்து தங்கிவிட்ட தமிழ்ப் பெரியவர்கள் சிலருக்குச் சனிக்கிழமைகளில் குடியுரிமைத் தேர்வுக்கான பாடங்களைச் சொல்லிக்கொடுத்து வருகிறோம். இத்தேர்வு பொதுவாக ஆங்கிலத்தில் நடப்பது. ஆனால் 50 வயது நிறைந்து 20 ஆண்டுகளோ, 55 வயது நிறைந்து 15 ஆண்டுகளோ நிரந்தரக் குடியிருப்பாளராக வாழ்ந்தவர்களுக்குச் சட்டம் ஒரு சலுகை தருகிறது. ஆங்கிலத் தேர்வு அவர்களுக்குக் கிடையாது. நாட்டின் வரலாறு பற்றியும் ஆட்சிமுறை பற்றியும் கேட்கப்படும் கேள்விகளுக்கு மொழிபெயர்ப்பாளர் துணையுடன் தாய்மொழியிலேயே விடை சொல்லலாம். ஆக, ஜெபர்சனையும் மேடிசனையும் தமிழ் பேசவைக்கும் பொறுப்பு எங்கள் தலையில் வந்து விழுந்தது.

தேர்வின் அமைப்பு எளிமையானது. 2008 முதல் வழக்கில் இருந்த முறையில் 100 கேள்விகள் முன்கூட்டியே தரப்பட்டுவிடும். அவற்றிலிருந்து பத்து வரை கேட்பார்கள். ஆறுக்குச் சரியான விடை சொன்னால் போதும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு இது 128 கேள்விகளாகி, இருபது வரை கேட்டுப் பன்னிரண்டு சரியாக இருக்கவேண்டும் என்று மாற்றப்பட்டது. பிறப்பால் குடிமக்களானோர் இத்தேர்வை எழுதவேண்டியதில்லை. எனினும் வந்தேறிகள் அறிந்ததைச் சொந்தப் பிள்ளைகள் அறியாதிருப்பதா என்ற கேள்வி எழுந்து, 2015இல் அரிசோனா மாநிலம் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இதே கேள்விகளில் தேறவேண்டும் என்று சட்டம் செய்தது. வேறு சில மாநிலங்களும் அவ்வழியைப் பின்பற்றின.

எங்கள் பெரியவர்களுக்கு இம்முறை புதிதன்று. வினா-விடையை உருப்போட்டு ஒப்புவிக்கும் கல்வியில் வளர்ந்தவர்கள் அவர்கள். கொடியில் ஏன் பதின்மூன்று கோடுகள், மேலவையில் எத்தனை பேர், உச்ச நீதிமன்றத்தில் எத்தனை நீதிபதிகள் என்று கேட்டால் வாய்ப்பாடு போல விடை வரும். வகுப்பில் முதன்மையானவர் தென் தமிழ்நாட்டில் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். அவரை நாங்கள் ‘சார்’ என்றே அழைப்போம். அவருக்குப் பாடத்தில் ஒரு குறை மட்டும் இருந்தது. உள்நாட்டுப் போருக்கு இட்டுச்சென்ற சிக்கல் ஒன்றைக் கூறுக என்ற கேள்விக்கு அடிமைமுறை, பொருளாதாரக் காரணங்கள், மாநில உரிமைகள் ஆகிய மூன்றில் எதைச் சொன்னாலும் சரி என்று விடைத்தாளில் இருந்தது. “என் மாணவன் இப்படி எழுதியிருந்தால், எந்தப் பொருளாதாரம், எதைச் செய்வதற்கான உரிமை என்று பக்கத்தில் சிவப்பு மையில் கேட்டிருப்பேன்” என்றார். அந்தச் சிவப்பு மைக் கேள்விக்கு வரலாற்றில் கிடைக்கும் விடை மறுபடியும் அடிமைமுறைதான் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை, மக்களே தம்மை ஆளுதல் என்ற கருத்து அரசியல் சாசனத்தின் முதல் மூன்று சொற்களில் உள்ளது, அவை யாவை என்ற கேள்விக்கு வந்து சேர்ந்தோம். எங்களுள் ஒருவர் ‘மக்களாகிய நாம்’ என்று பலகையில் எழுதினார். இந்திய அரசியல் சாசன முகவுரையின் தமிழ் வடிவம் காதில் ஊறிப்போனவர்களுக்கு வேறு எதுவும் தோன்றாது. சார் மறுத்தார். சாசனம் என்பது ஓர் அறிவிப்பு. அறிவிப்பவர் ஒரு பக்கம், அதைக் கேட்கும் உலகம் மறுபக்கம். உலகத்தைப் பார்த்து ஒரு நாட்டார் தம்மைச் சொல்லிக்கொள்ளும்போது ‘நாங்கள்’ என்பதே இலக்கணம் என்றார். எங்களுள் வேறொருவர், மக்கள் தமக்குள்ளேயே செய்துகொண்ட உடன்படிக்கை அது, ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசுகிறார்கள், ஆகவே ‘நாம்’தான் என்றார். விவாதம் பதினைந்து நிமிடம் போயிற்று. அப்போது பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா கேட்டார்: “அந்தக் கூட்டத்துல யாரெல்லாம் இருந்தாங்க தம்பி?”

அதைச் சொல்லாமல் எந்தச் சொல் பொருந்தும் என்று முடிவுசெய்ய முடியாது என்பது உண்மைதானே. 1787 கோடையில் பிலடெல்பியாவில் கூடியவர்கள் 55 பேர்; இறுதியில் கையெழுத்திட்டவர்கள் 39 பேர். பெண் ஒருவரும் இல்லை. கறுப்பினத்தவர் ஒருவரும் இல்லை. அந்த மண்ணில் அவர்களுக்கு முன்பிருந்தே வாழ்ந்த பழங்குடியினர் எவரும் இல்லை. வந்திருந்தவர்களில் பலர் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர்கள். அவர்கள் எழுதிய சாசனத்தில் ‘அடிமை’ என்ற சொல்லே கிடையாது என்பதை இலக்கியம் வாசிப்பவர்கள் கவனிக்க வேண்டும். பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கினரைச் சேர்த்துக்கொள்ளும் பிரிவில் அவர்கள் ‘பிறர்’ ஆகிறார்கள். தப்பி ஓடியவரைத் திருப்பி ஒப்படைக்கும் பிரிவில் ‘உழைப்புக்குக் கட்டுப்பட்டவர்’ ஆகிறார்கள். செய்யக் கூசாத காரியத்தைச் சொல்லக் கூசியிருக்கிறார்கள். அச்சொல் சாசனத்துக்குள் முதன்முதலாக நுழைவது 1865இல், அடிமைமுறையை ஒழித்த 13ஆம் திருத்தத்தில்தான்.

அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு, 1857இல், டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த மூன்று சொற்களுக்குத் தன் உரையை எழுதியது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர், இன்று விடுதலை பெற்றவராக இருந்தாலும், சாசனம் குறிப்பிடும் மக்களுள் அடங்கார், குடிமக்களும் ஆகார் என்று தலைமை நீதிபதி டேனி தீர்ப்பளித்தார். தமிழில் சொன்னால், அது ‘நாங்கள்’ என்ற தீர்ப்பு.

அதற்கும் முன்பே இந்தச் சிக்கலைப் பெயர்ச்சொற்களில் உணர்ந்து பேசியவர் பிரடெரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, தன் முயற்சியால் கற்றுப் பெரும் பேச்சாளரானவர். 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டர் நகரில் சுதந்திர நாளைப் பற்றிப் பேச அழைத்தார்கள். அந்தப் பேச்சு முழுவதிலும் அவர் ‘உங்கள்’ என்றே சொல்கிறார். உங்கள் விடுதலை, உங்கள் முன்னோர், உங்கள் கொண்டாட்டம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அடிமை ஒழிப்பை ஆதரித்த நல்லவர்கள். அவர்களிடமும் அவர் ‘நமது’ என்று சொல்ல மறுத்தார். ஆனால் அதே உரையில், சாசனத்தை அதன் சொற்களைக் கொண்டு படித்தால் அது விடுதலையின் ஆவணமே என்றும் வாதிட்டார். விழா உங்களுடையது, சொற்களோ எனக்கும் உரியவை என்ற இந்த இரட்டை நிலையைத்தான் வகுப்பில் விளக்க நெடுநேரம் பிடித்தது.

விளக்கி முடித்தபோது பின்வரிசை அம்மா, “நாட்டுலயே பொறந்தவன, நீ இந்த நாட்டாளு இல்லன்னு கோர்ட்டே சொல்லிருச்சா?” என்று கேட்டார். ஆம் என்றோம். “எங்களயும் அப்படித்தான் சொன்னாங்க” என்றார்.

அவர் இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 1949இல் பிறந்தவர். அதற்கு முந்தைய ஆண்டில்தான் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. தலைமுறைகளாக அங்கே கொழுந்து பறித்த இந்திய வம்சாவளித் தமிழர்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர்களாயினர். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று அவர்கள் பங்கிடப்பட்டனர். இவர் குடும்பம் இந்தியாவின் பங்கில் வந்தது. கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, நீலகிரியில் மீண்டும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார்கள். அங்கே இருந்தவரை இந்தியாக்காரி. இங்கே வந்தபின் சிலோன்காரி என்று சிரித்துக்கொண்டே சொன்னார். செவிலியராக அமெரிக்கா வந்த மகள் அவரை அழைத்துக்கொண்டார். சார் அன்று அதன்பிறகு ‘நாங்கள்’ என்பதன் இலக்கணத்தைப் பற்றிப் பேசவில்லை. இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தன் வகுப்பில் ஒரு வரியாகக்கூட வந்ததில்லை என்று மட்டும் சொன்னார்.

எங்கள் அறையில் இருந்த எல்லோருக்கும் பொருந்தும் இன்னொரு வழக்கும் உண்டு. அது தேர்வுக் கேள்விகளில் இல்லை. 1790இல் இயற்றிய முதல் குடியுரிமைச் சட்டம், குடியேறியவர்களில் சுதந்திரமான வெள்ளையர்களுக்கு மட்டுமே குடியுரிமை என்றது. 1870இல் ஆப்பிரிக்க வழியினரும் சேர்க்கப்பட்டனர்; ஆசியர் வெளியே நின்றனர். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியரின் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடிமக்களாகத் தகுதியற்றவர் என்று உச்ச நீதிமன்றம் 1923இல் ஒருமனதாகத் தீர்த்தது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் அவர்களுள் ஒருவர். சொத்தும் இழந்து, எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லாத நிலையில், 1928இல் தற்கொலை செய்துகொண்டார். இந்தியர்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 1946இல். சேர்த்துக்கொண்டவரை மறுபடி வெளியே தள்ளவும் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இப்போது இந்த வரலாற்றை எப்படிக் கற்பிப்பது என்பதே பெரும் பூசலாக இருக்கிறது. அடிமைகள் வர்ஜீனியாவுக்கு வந்திறங்கிய ஆண்டைப் பெயராகக் கொண்டு, அதுவே நாட்டின் தொடக்கம் என்று வாதிட்ட ‘1619’ கட்டுரைத் தொகுதி 2019இல் நியூயார்க் டைம்ஸில் வந்தது. அதற்கு மறுப்பாக, சுதந்திரப் பிரகடனத்தின் ஆண்டைப் பெயராக்கி ‘1776’ ஆணையத்தை 2020இல் அன்றைய அதிபர் டிரம்ப் அமைத்தார். 2021 ஜனவரியில் பைடன் பதவியேற்ற அன்றே அதைக் கலைத்தார். ஒரு சாரார் நிறுவனர்களை வணங்கச் சொல்கிறார்கள். மறுசாரார் அவர்கள் முகத்திரையைக் கிழிக்கச் சொல்கிறார்கள். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் அந்தச் சொற்களைக் கற்றவன் அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது இரண்டிலும் பின்னுக்குப் போய்விடுகிறது. அதற்கு விடை தெரிந்த ஒரு வகுப்பறையைப் பற்றி நாங்கள் வாசித்தோம்.

தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் நகருக்கு அருகே ஜான்ஸ் ஐலண்ட் என்று ஒரு தீவு. அங்கே வாக்காளராகப் பதிய விரும்பும் கறுப்பினத்தவர் மாநில அரசியல் சாசனத்தின் ஒரு பகுதியை அதிகாரி முன் வாசித்துக் காட்டவேண்டும். எழுத்தறியாதவர்களை வெளியே நிறுத்துவதற்கென்றே வகுத்த விதி. தீவிலிருந்து நகருக்குப் பேருந்து ஓட்டிய ஈசா ஜென்கின்ஸ், பயணிகளுக்குச் சாசனத்தை வண்டியிலேயே சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். அது போதவில்லை. செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியை, கறுப்பின உரிமைக்கான அமைப்பு ஒன்றில் தாம் உறுப்பினர் என்பதை மறைக்க மறுத்ததால் 1956இல் வேலையிழந்திருந்தார். இவர்கள் முயற்சியால் 1957 ஜனவரியில் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் இரவு வகுப்பு தொடங்கியது. வெளிப்பார்வைக்கு அது மளிகைக் கடை. பாடம் நடத்தியவர் பெர்னிஸ் ராபின்சன். சிகையலங்காரமும் தையலும் அவர் தொழில், ஆசிரியர் பயிற்சி இல்லை. முதல் வகுப்பில் பதினான்கு பேர். என்ன கற்க விரும்புகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். பெயர் எழுத, பைபிள் வாசிக்க, அஞ்சலில் பொருள் வாங்கும் படிவத்தை நிரப்ப, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் போட என்றார்கள். அங்கிருந்து தொடங்கிச் சாசனத்தின் கடினமான சொற்களுக்கு அழைத்துச் சென்றார். அந்தப் பின்னறையிலிருந்து கிளைத்த குடியுரிமைப் பள்ளிகளை 1961இல் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு ஏற்றுத் தெற்கெங்கும் பரப்பியது. வாக்குரிமைச் சட்டம் வந்தது 1965இல்.

பூட்டாக மாட்டிய சாசனத்தையே அவர்கள் சாவியாகச் செய்துகொண்டார்கள். நிறுவனர்களின் கொள்கைகளைக் கற்பிப்பது என்றால் இதுதான் என்பது எங்கள் துணிபு. அந்தச் சொற்களை எழுதியவர்கள் யாரை நினைத்து எழுதினார்கள் என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். பிறகு அவற்றைக் கற்பவரின் கையில் கொடுத்துவிட வேண்டும்.

பேரக் குழந்தைகளின் பள்ளியிலிருந்தும் ஒரு கேள்வி வந்தது. தினமும் காலையில் கொடியைப் பார்த்துக் கையை நெஞ்சில் வைத்து உறுதிமொழி சொல்கிறார்களே, சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகக்கூடாது என்று 1943இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மேற்கு வர்ஜீனியாக் குழந்தைகள் கொடிக்கு வணக்கம் செய்ய மறுத்த வழக்கு அது. போர் உச்சத்தில் இருந்த நேரம்; அதிலும் தீர்ப்பு நாள் ஜூன் 14, கொடி நாள். 1986இல் தேசிய கீதம் பாட மறுத்த கேரளக் குழந்தைகள் மூவரின் வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் இதே வழியில் நின்றதைச் சார் எடுத்துச் சொன்னார். உறுதிமொழி சொல்லாத குழந்தையும் ‘நாம்’ என்பதற்குள் இருக்கிறது என்பதை உறுதிமொழியைவிட மேலான பாடமாக நாங்கள் கருதுகிறோம்.

மொழிபெயர்ப்பு விவாதத்துக்கு ஓரளவு முடிவு கிடைத்தது பார்பரா ஜோர்டானிடமிருந்து. டெக்சஸிலிருந்து காங்கிரசுக்குத் தேர்வான கறுப்பினப் பெண்மணி. அதிபர் நிக்சன் மீதான விசாரணையில் 1974 ஜூலை 25 அன்று குழுவின் முன் பேசத் தொடங்கியபோது இதே மூன்று சொற்களைத்தான் எடுத்தார். சாசனம் எழுதி முடிந்த நாளில் அந்தச் சொல்லில் தாம் இல்லை. வாஷிங்டனும் ஹாமில்டனும் தவறுதலாக விட்டுவிட்டார்களோ என்று நெடுநாள் எண்ணியதுண்டு. திருத்தங்களாலும் தீர்ப்புகளாலும் பின்னர் சேர்க்கப்பட்டுவிட்டேன் என்ற பொருளில் பேசினார். சேர்ந்துவிட்ட அந்த உரிமையில் நின்று, சாசனம் குலைக்கப்படுவதைப் பார்த்திருக்க மாட்டேன் என்றார். சார் இதைக் கேட்டுவிட்டு, “எழுதினவங்க ‘நாங்கள்’னு எழுதினாங்க. படிச்சவங்க ‘நாம்’னு படிச்சாங்க” என்றார். இப்போது எங்கள் பயிற்சி ஏட்டில் இரண்டு சொற்களும் உள்ளன.

மலையகத்து அம்மா 2022இல் விண்ணப்பித்தார். அதற்குமுன் பல வாரங்கள் தயங்கினார். பழைய நாட்டின்மீதான பற்றைத் துறப்பதாக உறுதிமொழியில் வருகிறது. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. “பிறந்தபோது கிடைக்கல. அந்த நாடு கொடுத்ததத்தான் இப்ப திருப்பிக் குடுக்கணுமா?” என்று அவர் கேட்டதற்கு எங்களிடம் விடை இல்லை. முடிவு அவருடையது. அடுத்த ஆண்டு நேர்காணலில் முதல் ஆறு கேள்விகளுக்கும் சரியாக விடை சொல்லிவிட்டதால் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். முதல் மூன்று சொற்கள் பற்றிய கேள்வி வரவில்லை. 2024 நவம்பரில் வாக்களித்தார்.

சில மாதங்களுக்குப் பின் அவருக்கு நீதிமன்றத்திலிருந்து ஜூரியாகப் பணியாற்ற அழைப்புத்தாள் வந்தது. குடிமக்களுக்கு மட்டுமே உரிய பொறுப்பு ஒன்றைக் கூறுக என்ற கேள்விக்கு அவர் உருப்போட்ட விடை அதுதான். ஆனால் நியூ ஜெர்சியில் ஜூரியாக அமர ஆங்கிலம் வாசிக்கவும் புரிந்துகொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும். விலக்குக் கோரும் பகுதியை மகள் நிரப்பி அனுப்பினார். அனுப்புவதற்கு முன் அந்தத் தாளை ஒரு நகல் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார் அம்மா. வகுப்புக்குக் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டினார். “நியாயம் சொல்ல வான்னு என்னைக் கூப்பிட்டிருக்காங்க” என்றார். பிறகு, ஆங்கில எழுத்துகளை எழுதிப் பழக ஒரு நோட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கிச் சென்றார்.